பொகவந்தலாவையில் நெல் அறுவடை!

“டீச்சர், உங்கள் தோட்டத்தில் வயல் எந்தப் பக்கம் இருக்கிறது?”

போன மாதம் டவுன் பஸ் டிப்போவில் அதிகாரி என்னிடம் சிங்களத்தில் இப்படிக் கேட்டார். கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை… மனிதர் உண்மையாகவேதான் கேட்டார். கையில் ஒரு கடிதம் இருந்தது. என் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் பஸ் கேட்டு எனக்கே தெரியாமல் அனுப்பியது. அதற்குப் பதில் சொல்லத்தான் பாடசாலை அதிபர் என்னை அங்கே அனுப்பியிருந்தார்.

வாங்கி வாசித்தேன். அடடா, என்ன பணிவு! என்ன நடை! ‘இயற்கை எழில் கொஞ்சும் எமது கிராமத்தின் விவசாயிகள், தாம் விளைவித்த நெல்லைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல வழியின்றி அல்லலுறுகின்றனர்.’

பொகவந்தலாவையில் நெல்! எங்கள் தோட்டத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் தேயிலை. அதற்கு அப்பால் பார்த்தால் பக்கத்துத் தோட்டத்துத் தேயிலை. நெல் என்பது எங்களுக்கு அரிசியாகி, மூட்டையில் ஏறி, கடைக்கு வரும் சாமான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு நின்றேன்.

அதிகாரி கெட்டவரில்லை. “யாரும் ஏறுவதில்லை என்று சொன்னதால்தான் உங்கள் தோட்டத்துக்கு ஓடிய பஸ்ஸை நிறுத்தினோம். இந்தக் கடிதத்தை மேலே அனுப்பினால் சிரிப்பார்கள். இருப்பதை எழுதிக் கொண்டுவாருங்கள். மாத முடிவில் புது நேர அட்டவணை போடுகிறோம்… அதற்குள் வந்தால் பார்க்கலாம்” என்றார்.

அதற்குள்! அந்தச் சொல்தான் என்னைக் குத்தியது. ஏனென்றால் துஷாந்தினிக்கும் அதே கெடுதான்.

துஷாந்தினி என் வகுப்பில் படிக்கிறவள். தோட்டத்தின் மேல் டிவிஷன் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்று. அங்கிருந்து பாடசாலைக்கு வரத் தேயிலைக்கு நடுவே நீண்ட நடை. கூட நடந்த பெரிய பிள்ளைகள் ஓ.எல். பரீட்சை முடித்துப் போய்விட்டார்கள். இப்போது அந்த லயத்திலிருந்து அவள் தனி. போதாக்குறைக்கு அந்தப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் வேறு. இரண்டு நாய்கள் காணாமல் போய்விட்டன. அம்மா லெட்சுமி கொழுந்து பறிக்கிறவர். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். பிள்ளையைக் கொண்டுவந்து விட ஏது நேரம்?

“இந்த மாசம் மட்டும் எப்படியாவது சமாளிக்கிறேங்க டீச்சர். பஸ்ஸு வரலன்னா கொழும்புல எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிருவேன். அக்கா வேல செய்யிற கடையில இவளையும் சேத்துக்குவாங்க. படிப்பு முக்கியந்தான்… புள்ள உசிரோட இருக்கணும்லங்க?” என்று சொல்லியிருந்தார்.

பஸ் வந்தால்தான் அவள் படிப்பு.

டிப்போவிலிருந்து நேரே வகுப்புக்குப் போனேன். கடிதத்தை மேசையில் வைத்தேன். “இதை எழுதியது யார்?”

துஷாந்தினி எழும்பினாள். “போன்ல ஏஐகிட்ட கேட்டோம் டீச்சர். ‘எங்கள் கிராமத்துக்கு பஸ் வேண்டும், கடிதம் எழுதித் தா’ன்னு. தமிழ்லயும் குடுத்துச்சு, சிங்களத்துலயும் குடுத்துச்சு.”

“அனுப்புவதற்கு முன்னால் யாராவது வாசித்தீர்களா?”

“எல்லாரும் வாசிச்சோம் டீச்சர். நல்லா இருந்துச்சு.”

“நெல் என்று வருகிறதே… அது கண்ணில் படவில்லையா?”

அவள் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். “ ‘எனது கிராமம்’ கட்டுரையிலயும் நாங்க அப்பிடித்தானே டீச்சர் எழுதுவோம்?”

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதானே! மாதிரிக் கட்டுரைப் புத்தகத்தில் ‘எனது கிராமம்’ என்றால் வயல்வெளி, ஆறு, தென்னஞ்சோலை. எங்கள் பிள்ளைகள் அதைப் பாடமாக்குவார்கள். லயத்துக் காம்பிராவில், அந்த ஒற்றை அறையில் உட்கார்ந்து, குளிரில் கை விறைக்க, ‘தென்னங்கீற்றின் சலசலப்பு’ என்று எழுதுவார்கள். பரீட்சையில் புள்ளியும் கிடைக்கும்! தன் ஊரை எழுதாமல் ஊரைப் பற்றி எழுத இந்த மலையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அந்த மென்பொருள் பாவம்… புதிதாக ஒரு பிழையும் செய்யவில்லை. நம் பிழையை வேகமாகச் செய்துகொடுத்தது, அவ்வளவுதான்.

ஆசிரியர் அறையில் விஷயத்தைச் சொன்னேன். விஞ்ஞானம் படிப்பிக்கும் குகன் சேர், யாழ்ப்பாணத்துக்காரர், உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். “முதல்ல பிள்ளையளிட்ட இருந்து போனைப் பறியுங்கோ டீச்சர். பிறகு பாருங்கோ, தாங்களாவே எழுதுவினம்.”

போனைப் பறித்துவிட்டால்? அதற்கு முன்பும் மாதிரிக் கட்டுரைதானே எழுதினார்கள்? போனைப் பூட்டிவைக்கலாம், உலகத்தைப் பூட்டிவைக்க முடியுமா? நான் விடுவதாக இல்லை. அதே போன், அதே பிள்ளைகள், அதே கடிதம்… திருத்தியே தீருவது என்று முடிவெடுத்தேன்.

‘நவீன எழுத்தறிவு’ பற்றி நமக்குக் கருத்தரங்கு வைக்கிறார்கள். அழகான ஸ்லைட்கள், நல்ல பகல் சாப்பாடு. நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வகுப்பறையில் எனக்கு உதவியது ஒரே ஒரு கேள்வி — “உனக்கு எப்படித் தெரியும்?”

இதைக் கரும்பலகையில் எழுதினேன். யார் எதைச் சொன்னாலும் இதைக் கேட்பது என்று சட்டம் போட்டோம். ‘மேல் டிவிஷனில் எல்லாருக்கும் பஸ் வேண்டும்.’ உனக்கு எப்படித் தெரியும்? கேட்டாயா? யாரிடம்? பிள்ளைகள் முதலில் எரிச்சல்பட்டார்கள். பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்கத் தொடங்கினார்கள். யார் யார் ஏறுவார்கள், எத்தனை மணிக்கு, எதற்காக… எல்லாவற்றையும் போனில் பதிவுசெய்து கொண்டுவந்தார்கள். அதைப் படமாக வரைந்து காட்டச் சொல்லிக்கொடுத்தவர் யார் தெரியுமா? குகன் சேர்! “ஆனா என்ர பாடத்துக்கு ஒருத்தரும் போன் கொண்டரப்படாது” என்ற நிபந்தனையோடு.

நடுவில் ஒரு சோதனை. வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வாயில் ஆட்டுக்குட்டியோடு சிறுத்தை… ‘நம்ம மேல் டிவிஷன்ல எடுத்தது’ என்ற குறிப்போடு. வகுப்பே குதித்தது. இதை ஒட்டி அனுப்பினால் பஸ் பறந்து வராதா?

துஷாந்தினி மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இதுல மண்ணு காஞ்சு வெள்ளையா கெடக்கு. முள்ளுப் பத்தையா இருக்கு. ஒரு தேயிலச் செடி கூட இல்ல. இது நம்ம எடம் இல்ல டீச்சர்.”

“அந்த டிப்போ ஐயாவுக்கு அதெல்லாம் தெரியவா போகுது?” என்றான் பின்வரிசைப் பையன்.

“நெல்லு தெரிஞ்சுச்சே!” என்றாள்.

படத்தை விட்டுவிட்டோம். அந்த பஸ் யாருக்கு எல்லாரையும் விட அதிகம் வேண்டுமோ, அவள்தான் அதை வேண்டாமென்றாள். எனக்கு அந்த நேரத்தில் அவள்மேல் வந்த பெருமையை மறைக்கத் தெரியவில்லை. மறைக்கவும் விரும்பவில்லை.

பெரிய இடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. “யாரும் ஏறவில்லை என்று டிப்போவில் சொல்கிறார்களே, அது பொய் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டு வைத்தேன். பிள்ளைகள் பஜாரில் அந்த பஸ்ஸின் பழைய கொண்டக்டரைப் பிடித்துவிட்டார்கள். அவர் அரைகுறைத் தமிழில் பொரிந்து தள்ளியிருக்கிறார். “எட்டரைக்கு மேல வந்தா ஒரு ஆள் இல்ல! டிக்கட் யாருக்குக் குடுக்கிறது? சீட்டுக்கா?”

அவர் சொன்னது உண்மை. விசாரித்தால்… பஸ் முன்பு ஆறரைக்கு வந்தது. பிள்ளைகள் ஏறினார்கள், கிளினிக் போகிறவர்கள் ஏறினார்கள். பிறகு யாரோ நேரத்தை எட்டரைக்கு மாற்றிவிட்டார்கள். எட்டரைக்கு எங்கள் பிள்ளைகள் வகுப்பில் இருக்க வேண்டும், பெரியவர்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள். வெறும் பஸ் வந்தது, வெறும் பஸ் போனது. கடைசியில் நின்றுவிட்டது. ஊரில் எல்லாரும் ‘பஸ்ஸை நிறுத்திட்டாங்க’ என்ற முடிவை மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

இனி என்ன செய்வது? வகுப்பு இரண்டாகப் பிரிந்தது.

“பஸ்ஸு சும்மா போச்சுன்னு நம்மளே எழுதக் கூடாது டீச்சர். ‘பாருங்க, நீங்களே ஒத்துக்கிட்டீங்க’ன்னு கதவ சாத்திருவாரு” என்றார்கள் பலர். பயம் நியாயமானது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அட்டவணை போடும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. லெட்சுமி மகளின் உடுப்புகளைத் துவைத்துக் காயப்போட்டு, பையில் அடுக்கத் தொடங்கியிருந்தார்.

துஷாந்தினிதான் எழும்பி, “எழுதணும் டீச்சர். சும்மா போச்சுன்னும் எழுதணும். ஏன் சும்மா போச்சுன்னும் எழுதணும். ரெண்டும் எழுதுனாத்தான் அவங்க நம்புவாங்க” என்றாள்.

எழுதினோம். ஒரே பக்கம். புது பஸ் கேட்கவில்லை… பழைய நேரத்தைக் கேட்டோம். சரிபார்க்க அதே ஏஐயிடம் கொடுத்தோம். அது சும்மா இருக்குமா? தொடக்கத்தில் ‘பசுமை போர்த்திய எழில்மிகு’ என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டு வந்தது. “வெட்டு! வெட்டு!” என்று வகுப்பே கத்தியது. ஆசிரியத் தோழர்களே, கேளுங்கள்… என் உத்தியோக வாழ்க்கையில் நான் கேட்ட மிக இனிமையான சத்தம் அது. எழுத்துப்பிழை ஒன்றையும் ஏஐ சுட்டிக்காட்டியது. அதை நன்றியோடு ஏற்றுக்கொண்டோம். கருவியை எங்கே நம்புவது, எங்கே நிறுத்துவது… இதைவிட என்ன பாடம் வேண்டும்? சிங்கள வடிவத்தை எங்கள் சிங்கள டீச்சரிடம் உட்கார்ந்து வரி வரியாகத் திருத்தினார்கள்.

டிப்போவுக்குத் துஷாந்தினியையும் கூட்டிக்கொண்டு போனேன். அதிகாரி கடிதத்தை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதை அவளிடமே நீட்டி, “ஹரி துவ, கியவன்ன” என்றார். சரி மகளே, வாசி.

வாசித்தாள். ஒரு வரியையும் விடவில்லை. ‘பஸ்ஸில் ஆள் இல்லை என்பது உண்மை’ என்ற வரி வந்ததும் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். முடிந்ததும் அந்தப் பழைய கொண்டக்டரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அவர் தலையாட்டினார்.

“ஒரு மாதம் ஆறரைக்கு விட்டுப் பார்க்கிறேன். ஆள் ஏறாவிட்டால் மறுபடி நிறுத்திவிடுவேன்” என்றார் அதிகாரி.

போன திங்கட்கிழமை மேல் டிவிஷனுக்குப் போயிருந்தேன். கண்ணால் பார்க்காமல் நான் நம்புவேனா? மூடுபனிக்குள் முதலில் ஹோர்ன் சத்தம் கேட்டது. பிறகு வெளிச்சம் தெரிந்தது. பக்கத்து லயங்களின் சீருடைப் பிள்ளைகள், கிளினிக் கார்டோடு இரண்டு அம்மாமார்… எல்லாரும் முண்டியடித்து ஏறினார்கள். லெட்சுமி பெரட்டுக்குப் போகிற அவசரத்திலும் மகளை ஏற்றிவிட வந்திருந்தார். முகத்தில் பாதிதான் நம்பிக்கை.

“ஏறு, ஏறு… ஒரு மாசத்துக்குத்தானே சொல்லியிருக்காங்க. மறுபடி நிப்பாட்டிட்டா என்னா செய்வ?” என்றார்.

துஷாந்தினி படியில் நின்று திரும்பினாள். “மறுபடி எழுதுவோம்மா. இப்ப எங்களுக்கு எழுதத் தெரியும்ல!”

டிப்போ அதிகாரி ஐயாவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.