வாசலில் கழற்றி வைத்த பூட்ஸ்

கால் குளிர்ந்தால் வேட்டை முடிந்தது. துப்பாக்கி எவ்வளவு நல்லது, கண் எவ்வளவு கூர்மை என்பதெல்லாம் பிறகு. இது கேதீஸ்வரனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் போன குளிர்காலத்தில் இரண்டு கால்விரல்களை இழக்கப் பார்த்தார். அதற்குக் காரணம் மலை இல்லை. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வருடம் எடுத்தது.

கேதீஸ்வரனுக்கு ஐம்பத்தெட்டு வயது. வவுனியாவில் இருந்து வந்தவர், வீடு ஸ்பிரிங்வேலில். ஒரு குளிர்க்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். உறைந்த கோழியும் பட்டாணியும் கூரைவரை அடுக்கியிருக்கும், விட்ட மூச்சு புகையாகத் தெரியும் இடம். நான் தொழிற்சங்க அமைப்பாளராக இருந்தபோது அங்கேதான் அவர் எனக்குப் பழக்கம். எல்லோருக்கும் இரும்பு முனை வைத்த சாதாரண பூட்ஸைக் கொடுத்துவிட்டு இது போதும் என்றது நிர்வாகம். இரும்பு குளிரைப் பிடித்து நேரே விரலில் இறக்கும். நான் துண்டுப்பிரசுரம் எழுதினேன். ஒருவரும் அசையவில்லை. ஒரு திங்கட்கிழமை கேதீஸ்வரன் கிடங்குக் கதவடியில் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே போகமாட்டேன் என்று இறங்கி நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். நல்ல பூட்ஸ் வந்தது.

வேட்டைக்கு அவரை இழுத்தவன் அதே கிடங்கில் வேலை செய்யும் சிறி. வாயாடி. இருவரும் முறையாக லைசென்ஸ் எடுத்து, ஒவ்வொரு குளிர்காலமும் லிக்கோலா என்ற சிற்றூரைத் தாண்டி மலைக்குப் போவார்கள். அங்கே மரை என்ற பெரிய மான் உண்டு. நம் காட்டில் உள்ள அதே மரை. வெள்ளைக்காரர் அந்தக் காலத்தில் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து காட்டில் விட்டது.

"மரையும் எங்களை மாதிரிக் கப்பலில வந்ததுதான்," என்பான் சிறி. "அதிட்ட ஒருத்தரும் விசா கேக்கேல்லை."

போன வருடம் மலையிலிருந்து வந்தபோது கேதீஸ்வரனின் இடது காலில் இரண்டு விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. கிள்ளினால் தெரியவில்லை. அவருக்குப் பன்னிரண்டு வருடமாக நீரிழிவு. நிறம் திரும்ப மூன்று வாரம் எடுத்தது. இன்னொரு தடவை இப்படி வந்தால் விரலுக்கு உத்தரவாதம் இல்லை என்றார் டொக்டர்.

மனைவி யோகா அழவில்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. இந்த வருடம் யூன் பிறந்து இங்கே குளிர்காலம் தொடங்கியதும் சொன்னார்: "ஒருக்காப் போட்டு வாங்கோ. வந்து காலைக் காட்டுங்கோ. விரல் வெளுத்திருந்தா துவக்கை வித்துப்போடுவன்."

யோகா சொன்னால் செய்வார்.

ஆகவே கேதீஸ்வரன் சிறியோடு பூட்ஸ் வாங்கப் புறப்பட்டார். பின்னேரத்தில்தான் போனார், பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். மலையில் போடும் கம்பளிச் சொக்ஸையும் கையோடு கொண்டுபோனார். கடைக்காரப் பெடியன் இருப்பதிலேயே தடித்ததை எடுத்து வைத்தான். பனிப் பிரதேசத்துக்குச் செய்தது, யானைக்கால் மாதிரி.

"இதை எடுங்கோ அண்ணை," என்றான் சிறி. "இதுக்குள்ள அடுப்பே மூட்டலாம்."

"இதைப் போட்டுக்கொண்டு ஏறினா கால் வேர்க்கும். வேர்வை காயாது. பிறகு ஒரு இடத்தில குந்தியிருந்தா அந்த ஈரம்தான் குளிரும்."

"அப்ப மெல்லிசா எடுங்கோ."

"மெல்லிசெண்டா குளிரில குந்தியிருக்கேலாது. நீ சும்மா நில்லு."

கடைசியில் நடுத்தரமான ஒன்றை எடுத்தார். தோல், தண்ணீர் புகாதது, முனையில் இரும்பு இல்லை. வழமையை விட அரை அளவு பெரிது. உள்ளே விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டே கடைக்குள் நடந்தார். போன வருடம் பருத்திச் சொக்ஸ் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, காலை பூட்ஸுக்குள் இறுக்கித் திணித்திருந்தார். இரத்தம் ஓட இடமில்லாத காலுக்குச் சூடு எங்கிருந்து வரும்? பருத்தி வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதுதான் பிழை என்று முடிவு கட்டினார். பிழைதான். ஆனால் முழுப் பிழையும் அது இல்லை.

யூலையில் போனோம். நான் சமைக்கப் போனேன். முதல் நாள் நன்றாக நடந்தது. ஆற்றைக் கடந்து, சரிவில் ஏறி, இருட்ட முன் முகாமுக்குத் திரும்பினார்கள். கேதீஸ்வரன் கூடார வாசலில் குந்தி பூட்ஸைக் கழற்றினார். விரல் பத்தும் சிவப்பு. எனக்குக் காட்டினார், சிறிக்குக் காட்டினார். மரை வந்திருந்தால் அதற்கும் காட்டியிருப்பார். பிறகு பூட்ஸைச் சோடி சேர்த்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து படுத்தார். என்னுடையதை நானும் பக்கத்தில் வைத்தேன். சிறி வழமைபோல் வாகனத்துக்குள் படுத்தான், பூட்ஸைக் கூடக் கழற்றாமல்.

விடிந்தபோது புல்லெல்லாம் வெள்ளை. கேதீஸ்வரன் கூடார வாசலின் ஜிப்பைத் திறந்து பூட்ஸை எடுத்தார். கல்லு மாதிரி இருந்தது. நாடா கம்பியாக விறைத்து நின்றது. நடந்தபோது வந்த வேர்வை இரவு உள்ளேயே உறைந்துவிட்டது.

சிறி தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து பார்த்தான்.

"இஞ்ச என்ன கோயிலே அண்ணை? வாசலில கழட்டி வச்சிருக்கிறியள்."

கேதீஸ்வரன் விறைத்த நாடாவை வளைத்துப் பார்த்தார். ஒரு பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"போன வருசமும் வெளியிலதான் வச்சனான்," என்றார் கடைசியில். "விடிய எழும்பி, இழுத்து இழுத்துக் காலை உள்ள விட்டனான். பூட்ஸ் சரியில்லை எண்டு திட்டினனான்."

எங்கள் வீடுகளில் செருப்பு உள்ளே வராது. ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கை தானாகச் செய்யும். மலை உச்சியில், துணியால் செய்த வாசலிலும் செய்திருக்கிறது.

"சரி, போடுங்கோ. நடக்கச் சூடாகும்," என்றான் சிறி. "இப்ப போனாத்தான் மரை."

"நீ போ."

"நெருப்புக்குக் கிட்டப் பிடிச்சாவது போடுங்கோ அண்ணை."

"நெருப்பில தோல் வெடிக்கும். என்ர காலுக்குச் சூடும் தெரியாது, சுட்ட பிறகுதான் தெரியும். போடா."

"மரை உங்களுக்காகக் காத்துக்கொண்டு நிக்குமே?"

"நிக்காது. எனக்கு விரல் நிக்க வேணும்."

சிறி தனியே போனான். கேதீஸ்வரன் இரண்டு போத்தல்களில் இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, பூட்ஸுக்கு ஒன்றாக விட்டார். கம்பளிச் சொக்ஸோடு படுக்கைக்குள் காலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெளியே காட்டுப் பறவைகள் கத்தின. வேட்டைக்காரனுக்கு ஒரு நாளின் நல்ல நேரம் அது. அந்த நேரம் அவர் கண் முன்னால் போனது. இரண்டு தரம் தண்ணீர் மாற்றினார். உள்ளங்கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். ஈரத்தைத் துணியால் ஒற்றினார். சிறி வெறுங்கையோடு வந்தபோதுதான் பூட்ஸ் கொஞ்சம் இளகியிருந்தது.

பின்னேரம் இருவரும் போனார்கள். ஏறும்போது கேதீஸ்வரன் மெல்லிய சொக்ஸ் போட்டு, நாடாவைத் தளர விட்டார். குந்தும் இடம் வந்ததும் அதைக் கழற்றிக் காலைத் துடைத்து, சட்டைக்குள் வைத்திருந்த தடித்த காய்ந்த சோடியைப் போட்டார். எதிர்ச் சரிவில் ஒரு கொம்பன் மரை வந்து நின்றது. சுடும் தூரமில்லை. பொழுது இறங்கும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் மலையில் ஒரு இடத்தில் இருந்தது அதுதான் முதல் தடவை. அன்று பூட்ஸ் கூடாரத்துக்குள் வந்தது.

வீட்டுக்கு வந்தபோது யோகா வாசலில் நின்றார்.

"எங்க மரை?"

"மரை இல்லை. விரல் இருக்கு."

யோகா அவரைக் கதிரையில் இருத்தினார். ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்து ஒவ்வொரு விரலாக அமத்தினார்.

"இது தெரியுதா?"

"ஓம்."

"இது?"

"ஓமப்பா. நகம் குத்துது."

இடைவெளிகளையும் விரித்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. அப்போதுதான் கேதீஸ்வரன் வாசல் கதையைச் சொன்னார். யோகா வெளிச்சத்தை அணைத்தார். இந்த வீட்டில் செருப்பு வைக்கும் தட்டு வெளியேதான். வைத்தவர் அவர்.

"அப்ப இந்த விரல் ரெண்டும் என்னாலயோ?"

"உன்னால இல்லை. பழக்கத்தால."

அப்போது சிறி ஃபோன் எடுத்தான். ஆகஸ்ட்டில் இன்னொரு தடவை போவோமா என்று கேட்டான். கேதீஸ்வரன் யோகாவைப் பார்த்தார். யோகா எழுந்து அறைக்குள் போனார். அலுமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது. சேலைக் கடைத் துணிப்பை ஒன்றோடு வந்தார். சிவப்பு, பொன் எழுத்து, கட்ட நாடா.

"ரெண்டு பூட்ஸையும் நல்லாக் காய வச்சு இதுக்குள்ள போட்டு கூடாரத்துக்குள்ள வையுங்கோ," என்றார். "தலைமாட்டில வையாதேங்கோ. கால்மாட்டில வையுங்கோ."

ஃபோனில் சிறி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தான். "அண்ணை, என்ன? அக்கா என்னவாம்?"

"வாறன் எண்டு சொல்லுங்கோவன்," என்றுவிட்டு யோகா குசினிக்குள் போனார்.