பத்தடி அறையில் சுவர் அகல டிவி

என் தங்கை புருஷன் என் வீட்டுக்குள் நுழைந்தால் உட்காருவதற்கு முன் விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்ப்பான். பதினோரு வருஷமாக எனக்கு இது ஆகாது. கொத்தனாரான என் வீட்டுச் சுவரையே சோதிக்கிறவனை என்ன செய்வது? முதல் தடவை பத்துப் பேர் முன்னால், "செவுரு கெட்டிதான் மச்சான், மாட்டியிருக்கறதுதான் டப்பா" என்று என் டிவியைப் பார்த்துச் சிரித்தான். மாப்பிள்ளை ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

புது டிவி வாங்குகிறவர்கள் வீட்டில் அதைச் சுவரில் மாட்டிக் கொடுப்பதும் பழையதை ரிப்பேர் பார்ப்பதும் அவன் பிழைப்பு. துளை போட்டால் நூலளவும் பிசகாது. ஆனால் ஊரார் வீட்டில் எதை மாட்டினாலும் அது தன் வீட்டிலும் இருந்தாக வேண்டும். "மாட்டிட்டு வெறுங்கையோட திரும்பி வர்றவனுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும்" என்பான்.

அப்படித்தான் தவணையில் சுவர் அகலத்துக்கு ஒன்று வந்து இறங்கியது. அறையோ பத்தடி. கிட்டே உட்கார்ந்தால் தலை வலிக்கிறதென்று தங்கையும் மகளும் அடுப்படியில் உட்கார்ந்து பார்த்தார்கள். வாங்கியவன் பார்க்கவே இல்லை. தவணைக்காக ஞாயிறும் சேர்த்து ஓடினான். மகள் எழுவதற்கு முன் போவான். தூங்கிய பிறகு வருவான்.

மூன்று மாதம் முன்பு காய்ச்சலில் பகல் முழுக்கப் படுத்திருந்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஐந்து வயது மகள் அவனைப் பார்த்துவிட்டு அடுப்படிக்கு ஓடினாள்.

"அம்மா, அப்பா வந்திருக்கு. நம்ம வீட்டுல என்ன ரிப்பேரு?"

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

காய்ச்சல் விட்டதும் டிவியைக் கழற்றினான். பெரிய கூடம் உள்ள ஒருவருக்குப் பாதி விலைக்கு விற்று, அவர் வீட்டில் தானே போய் மாட்டியும் கொடுத்தான்.

"வலிக்கலியா மாப்ள?"

"சொத்தப் பல்லப் புடுங்கின மாதிரி இருக்கு மச்சான். இன்னிக்குத்தான் ருசியா சாப்ட்டேன்."

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால், "அவரு ஊர்ல இல்லீங்களே" என்று தன் குரலிலேயே சொல்லி வைத்துவிடுகிறான். என்ன தைரியம்!

போன ஞாயிறு அவன் வீட்டுச் சுவரில் டிவி மாட்டியிருந்த எட்டு ஓட்டைகளையும் அடைக்கப் போனேன். நாற்காலியெல்லாம் வெளியே கிடந்தது. உள்ளே அப்பனும் மகளும் வேர்த்து ஒழுகப் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏமாத்தாதப்பா! எனக்கு மூணு கோலு!" அவள் அவன் சட்டையைப் பிடித்துத் தொங்கினாள். நான் சிமெண்டைக் குழைக்கக் குனிந்தேன்.

"அதை அப்புறம் பூசிக்கலாம் மச்சான். கரண்டியக் கீழ போட்டுட்டு அந்தச் செவுத்துக்கு முன்னால போய் நில்லு. நீதான் கோல்கீப்பரு."