கோமதி அக்காவின் இரண்டு கேமராக்கள்

கோமதி அக்கா காலமான செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நம் ஞாயிறு தும்பிக் குழுவின் வாட்ஸ்அப்பில் அந்த எண்ணிலிருந்து வழக்கமாக வருவது ஒரு தும்பியின் படமும், இதன் பெயர் என்ன என்ற கேள்வியும்தான். அன்று மலையாளத்தில் இரண்டே வரிகள். அம்மா இன்று காலை மாரடைப்பில் போய்விட்டார், மூன்று மணிக்குத் தைக்காட்டு மயானத்தில் தகனம். மகன் எழுதியிருக்கிறான். நான் பல் தேய்த்துக்கொண்டே படித்தவன், அக்காதான் வேறு யாரைப் பற்றியோ தெரிவிக்கிறார் என்று நினைத்து, "யாரோட அம்மா?" என்று பதில் போட்டுவிட்டேன். அந்தக் கேள்வியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

குழுவில் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் நானும் அவரும் இருபத்தாறு வருடங்கள் அடுத்தடுத்த மேசை. என்னைவிட ஒன்றரை வயது மூத்தவர். பூர்வீகம் திருநெல்வேலி, வீடு ஆரியசாலையில், கணவரின் மிளகாய் மண்டிக்கு மேல் மாடி. அந்த மாடியில் தும்மாமல் காபி குடித்து முடித்த விருந்தாளி கிடையாது. அலுவலகத்தில் மற்றவர்களுக்கு அவர் கோமதி சேச்சி. எனக்கு அக்கா. அவருக்கு நான் வெறும் மணி, ஆனால் கடைசி வரைக்கும் 'நீங்க' போட்டுத்தான் பேசினார்.

நாற்பத்தெட்டு வயதில் ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவோடு அலுவலகத்துக்கு வந்தார். கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் ஒருவர் புதியது வாங்கியதும் கழித்துவிட்டது. லென்ஸோடு சேர்த்துத் தூக்கினால் ஒரு தேங்காய்ப் பை கனம் இருக்கும். எல்லாரும் பறவைக்குப் பின்னால் போகும்போது நீங்கள் ஏன் தும்பிக்குப் பின்னால் போகிறீர்கள் என்று கேட்டேன். "பறவை பாக்கணும்னா வெளுக்க முன்னாடி எழும்பணும் மணி. தும்பி வெயில் வந்த பிறகுதான் வரும். சோறு வச்சு, குழம்பு வச்சு, இவங்களுக்கு எடுத்து மூடி வச்சிட்டே போலாம்" என்றார். பூச்சியியல் படித்தவர்கள் ஆயிரம் காரணம் சொல்வார்கள். இவ்வளவு நேர்மையான காரணத்தை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை.

கல்லாறுதான் அவருடைய முதல் இடம். நாம் எல்லாரும் பாறைகளில் தாவிக்கொண்டிருப்போம். அவர் கரையில் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுவார். ஒரு குச்சியில் உட்கார்ந்த தும்பி பறந்து போனாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும் என்பது அவர் நம்பிக்கை, பெரும்பாலும் அது பலித்தது. "நம்ம ஆபீஸ் கணக்குதான். எங்க சுத்துனாலும் சாயங்காலம் கையெழுத்துப் போட வரணும்ல" என்பார்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அவருக்குப் போனக்காட்டில் ஓர் ஊசித்தட்டான் தென்பட்டது. தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குக் கீழே ஓடும் ஓடையில், ஜூன் மாதம் முதல் மழைக்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் மட்டும் தலைகாட்டும் ஒன்று. குழுவில் யாருக்கும் பெயர் தெரியவில்லை. வாலின் நுனி தெளிவாக விழுந்த படம் இருந்தால்தான் சொல்ல முடியும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். முதல் வருடம் இலை மறைத்தது. இரண்டாம் வருடம் போன மூன்று நாளும் கொட்டித் தீர்த்தது மழை. ஓடைக்குப் பக்கத்து லயத்தில் இருக்கும் தோட்டத் தொழிலாளி செல்லம்மா, பூச்சி வந்ததும் போன் செய்வதாக ஏற்றுக்கொண்டிருந்தார். இந்தப் படம் ஒன்றுதான் அக்காவுக்கு வேண்டியிருந்தது. வேறு எதையும் அவர் இத்தனை ஆசையோடு பேசி நான் கேட்டதில்லை. மகன் கல்யாணத்தைப் பற்றிக்கூடப் பேசியதில்லை.

இதற்கிடையில் அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. முதலில் காட்டிக் கொடுத்தது கையெழுத்து. ஒரே நாளில் இரண்டு பத்திரங்களில் அவர் போட்ட கையெழுத்துகள் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லாததுபோல் இருந்தன. அடுத்தவர்கள் கையெழுத்து மாறினால் திருப்பி அனுப்புகிற ஆள் அவர். காபியைத் தம்ளரில் பாதிதான் வாங்குவார். டாக்டர் உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் போகவும் போகாது, கூடத்தான் செய்யும் என்றாராம். "சாரமில்ல" என்று சிரித்தார் அக்கா. எது நடந்தாலும் முதலில் அவர் வாயில் வருவது அந்த மலையாளத்துப் 'பரவாயில்லை'தான்.

இங்கேதான் நான் வருகிறேன். எந்தப் போன் வாங்கலாம், எந்த டி.வி. வாங்கலாம் என்று அலுவலகமே என்னைத்தான் கேட்கும். கேட்காதவர்களுக்கும் சொல்வேன். போன வருடம் ஏப்ரலில் அக்கா கேட்காமலேயே சொன்னேன். நடுங்கும் கையில் எதற்கு இந்தக் கருங்கல்? சட்டைப்பையில் அடங்குகிற காம்பாக்ட் கேமரா ஒன்று வாங்குங்கள். இருநூற்றைம்பது கிராம். ஜூம் இதைவிட நீளம், நடுக்கத்தை அதுவே சமன் செய்துகொள்ளும். அரை மணி நேரம் அளந்தேன். அவர் தம் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். நானே கூடப் போய் வாங்கிக்கொடுத்தேன். டி.எஸ்.எல்.ஆர். பீரோவுக்குள் போனது.

அடுத்த ஞாயிறு கல்லாற்றில் அவர் எடுத்த நாற்பது படங்களில் நாற்பதும் கலங்கல். காம்பாக்டில் கண்ணை வைத்துப் பார்க்க இடமில்லை. கையை முன்னால் நீட்டி, பின்பக்கத் திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். வெயிலில் திரை தெரியவில்லை. நீட்டிய கைகளின் நுனியில் அந்தச் சின்னப் பெட்டி இலைபோல ஆடியது. நான் பக்கத்தில் நின்று, "பழகிட்டா வந்துரும் அக்கா" என்றேன். அதற்கு அடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன். மூன்றாவது ஞாயிறு அவர் வரவில்லை. நாத்தனார் வீட்டு விசேஷம் என்றார். பிறகு முழங்கால் வலி. ஜூன் பிறந்ததும் போனக்காட்டுக்கு எப்போது என்று கேட்டேன். குடும்பத்தோடு சுசீந்திரம் போகிறோம், இந்த வருடம் தோதுப்படாது என்றார். நான் நம்பினேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

டிசம்பரில் ஒரு நாள், பழைய கேமராவை விற்றுவிடப் போகிறேன், ஒழுங்காக வேலை செய்கிறதா என்று வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். போனேன். எட்டு மாதம் பீரோவுக்குள் கிடந்ததில் லென்ஸின் ஓரத்தில் வெள்ளை நூல்போலப் பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்குக் கேட்க வேண்டுமா. நான் உச்சுக் கொட்டினேன். அக்கா அதை என் கையிலிருந்து வாங்கி, கண்ணில் வைத்து, மாடிக் கொடியில் உட்கார்ந்திருந்த காக்கையை ஒரு படம் எடுத்தார். சும்மா, பட்டன் அமுங்குகிறதா என்று பார்க்கத்தான். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் காக்கையின் கண்ணில் எதிர்வீட்டு ஜன்னல் தெரிகிறது.

இன்னொன்று எடுத்தார். அப்புறம் பத்து. எல்லாம் கல்லில் வெட்டியதுபோல் நின்றன. அப்போதுதான் அவரை நான் ஒழுங்காகப் பார்த்தேன். முழங்கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டியிருந்தன. கேமரா புருவத்தில் சாய்ந்திருந்தது. கனம் முழுதும் இடது உள்ளங்கையில். கை ஆடுவதற்கு இடமே இல்லை.

"கனம் இருந்தாத்தான் இந்தக் கை அடங்குது மணி" என்றார். "குடத்தைத் தூக்குனா நடுங்காது. தம்ளரைத் தூக்குனாத்தான் நடுங்கும். ஏப்ரல்லயே எனக்குத் தோணிச்சு."

"பின்ன ஏன் சொல்லல?"

"உங்களுக்குக் கேமராவப் பத்தித் தெரியும். எனக்கு என் கையப் பத்தித்தானே தெரியும்."

அவர் குத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நீட்டிய கையில் நடுக்கம் ஏன் கூடுகிறது என்று பத்து நிமிடம் விளக்கம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பூஞ்சையைப் பற்றி, "ஓரத்துலதானே? தும்பி நடுவுலதான உக்காரப் போவுது" என்றார். விற்கவில்லை.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அவர் குழுவில் போட்ட படங்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வெள்ளாயணி ஏரிக்கரையில் எடுத்த அந்தச் சிவப்புத் தும்பியின் இறகு நரம்புகளை எண்ணவே முடியும். காம்பாக்ட் கைப்பையில் கிடந்தது. பஸ் நேர அட்டவணையைப் படம் பிடிக்க அதுதான் சௌகரியம் என்று என்னைச் சமாதானப்படுத்துவார். ஜூனுக்கு மூன்று நாள் விடுப்புக்கு ஏப்ரலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். காரணம் என்ற இடத்தில், ஆடும் எழுத்தில், 'போனக்காடு' என்று மட்டும் இருந்தது. மானேஜர் அதைக் காரணமாக ஏற்றுக்கொண்டார். மே மாதம் அக்கா போய்விட்டார்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு செல்லம்மா போனக்காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். சாப்பிட்ட பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தார். அக்கா கடைசியாக ஓடைக்கு வந்தது எப்போது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"போன வருசம் நான் கூப்பிட்டேன் சார்" என்றார் செல்லம்மா. "பூச்சி வந்துட்டு, எங்க துணி அலக்குற கல்லுலயே வந்து உக்காருது, ஓடி வாங்க அக்கான்னு சொன்னேன். ஒரு வாரம் மழையே இல்ல பாத்துக்கிடுங்க, நல்ல தெளிஞ்ச வெயிலு. வரலன்னுட்டாங்க."

"சுசீந்திரம் போயிருந்தாங்க" என்றேன்.

"எங்கயும் போகல சார். வீட்டுலதான் இருக்கேன்னாங்க. எங்கிட்ட கேமரா இல்ல செல்லம்மா, அடுத்த வருசம் பாப்போம்னாங்க."

நான் வாங்கிக்கொடுத்த கேமரா அன்று அவர் கைப்பையில்தான் இருந்திருக்கும். அதை அவர் கேமராவாகவே எண்ணவில்லை. அதை என்னிடம் சொன்னால் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று ஒரு சுசீந்திரத்தைச் சொல்லியிருக்கிறார். எழுந்து போய்க் கை கழுவினேன். ஏற்கெனவே கழுவியிருந்தேன்.

கிளம்பும்போது அவருடைய மகன் இரண்டு கேமராக்களையும் மேசைமேல் எடுத்து வைத்தான். "அங்கிள், அம்மேடெ ஓர்மைக்கு, ஒரு ஞாபகத்துக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க" என்றவன், எது நல்லது என்று என்னையே கேட்டான். கேட்காதவர்களுக்கே கேமரா யோசனை சொன்னவன் நான். இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன்.

அவருடைய படங்கள் உங்கள் எல்லாரிடமும் இருக்கின்றன. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது மழை விட்டு வெயில் அடித்த, போன வருடத்து ஜூன் மாதம். அது அவருடையது. அவர் கையைக் கேட்காமல் நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.