சிறுமூளையில் பட்ட அடி

எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடினால் முந்தானையைத் திருகிக்கொண்டு ஓரமாக நிற்கிற ஆள். போன வாரம் ஜீப்காரனிடம் பேச வேண்டியதை முழுசாகப் பேசியிருந்தால் பேனாவைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

மாசியில் புளி உலுக்க மரமேறிய என் வீட்டுக்காரர் தவறி விழுந்தார். பின்மண்டையில் அடி. பிழைத்துவிட்டார், புத்தியும் தெளிவாக இருக்கிறது. நடை மட்டும் ஆடுகிறது, பேச்சு கொஞ்சம் குழறுகிறது. மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு நாள் நடைப் பயிற்சி கொடுக்கிறார்கள். விடாமல் வந்தால் தேறுவார் என்றார்கள். அதற்குப் போகத்தான் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஷேர் ஜீப்புக்குக் கை காட்டினேன். அவர் தள்ளாடுவதைப் பார்த்துவிட்டு ஜீப்காரன் கேட்டான்:

"இன்னாக்கா, மாமா காலையிலயே ஊத்திக்கினாரா? வாந்தி எடுத்தா யாரு கழுவறது?"

"குடிக்கல தம்பி. சிறுமூளையில அடி."

உள்ளே ஒருவன், "நமக்கு ஒரு மூளையே கெடையாது, இவருக்குப் பெருசு சிறுசுன்னு ரெண்டாம்!" என்றான். ஜீப் முழுக்கச் சிரிப்பு. புழுதியைக் கிளப்பிவிட்டுப் போய்விட்டார்கள்.

எதிரே கறிக்கடையில் ஆட்டுத்தலை வாட்டிக்கொண்டிருந்தார்கள். மயிர் கருகும் வாசனை வந்ததும், பாருங்கள், அவ்வளவு கோபத்திலும் என் மனசு ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டது.

எங்கள் மலைப்பள்ளிக்கு அந்த வருஷம் அறிவியல் வாத்தியாரே வரவில்லை. புத்தகத்தில் மூளைப் படம் மசி அப்பிய உருளைக்கிழங்கு போல இருக்கும். நானும் சாந்தாவும் விடுதியில் உட்கார்ந்து, "பெருமூளை நினைவு, சிறுமூளை சமநிலை, முகுளம் மூச்சு" என்று வாய்ப்பாடு மாதிரிக் கத்துவோம். எது எங்கே இருக்கிறதென்று தெரியாது.

திருவிழாவில் வெட்டும் கிடாவின் தலை எங்கள் ஊரில் ஊர்த்தலைவரான நாட்டார் வீட்டுக்குப் போகும். மூளையைப் பெண்பிள்ளைகளுக்குத் தரமாட்டார்கள். தின்றால் மறதி வருமாம். ஆண்பிள்ளைகளுக்கு அறிவு வருமாம். வந்து நான் பார்த்ததில்லை. சாந்தா தைரியசாலி. நேரே நாட்டார் மனைவியிடம் போய், "தின்ன வேணாம் அத்த, பாக்கத்தான்" என்றாள்.

"பாத்தா மட்டும் மறதி வராதாடி?"

"பரீட்ச முடிஞ்சி வரட்டும்."

சிரித்துக்கொண்டே ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். பின்பக்கம், சின்னதாக, மெல்லிய கோடு கோடாக மடிந்து ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. "இதான்டி நம்மள நிக்க வெக்கிது" என்றாள் சாந்தா. இருவரும் அங்கேயே ஒற்றைக்காலில் நின்று பார்த்தோம். நான்தான் விழுந்தேன்.

அவ்வளவு சின்ன இடம். அதில் பட்ட அடிக்கு என் வீட்டுக்காரருக்குக் கிடைத்த பெயர் குடிகாரன். சாராயத்தைத் தொட்டறியாத மனுஷன். நிஜமாகக் குடித்துவிட்டுச் சந்தையில் விழுந்து கிடப்பவர்களை, "பாத்து மாமா" என்று தாங்கிப் பிடித்து அதே ஜீப்பில்தான் ஏற்றிவருகிறார்கள். அவர்கள் தள்ளாடலாம். இவர் தள்ளாடக் கூடாது!

விடுதியை இடித்துவிட்டார்கள். சாந்தா எந்த ஊரில் இருக்கிறாளோ. கிடாத்தலை நாட்டார் வீட்டுக்குப் போவதும் நின்றுவிட்டது. அதெல்லாம் போகட்டும். தலையில் புளிமூட்டையோடு, கையால்கூடப் பிடிக்காமல் சரிவில் விறுவிறுவென்று இறங்கி வருவாரே, அந்த நடை போய்விட்டது.

ஜீப் விட்டுவிட்டுப் போன மறுநாள் பஸ் நிற்கும் இடம் வரை என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஆஸ்பத்திரியில், உங்கள் முறை நேற்றோடு போய்விட்டது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள்.