மூன்றாவது ஸ்டே கம்பி

குற்றாலத்தில் சாரல் எப்போது விழும் என்று தென்காசியே மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வைகாசி மாதத்தில், இந்த வருஷம் கொஞ்சம் பிந்தி வரட்டுமே என்று வேண்டிக்கொள்கிற ஆள் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சாரலுக்கு முன்னால் காற்று வந்துவிடும். செங்கோட்டைப் பக்கம் கணவாயில் நுழைந்து வருகிற அந்தக் காற்றுக்குக் குளிக்க வந்தவன், குடியிருப்பவன் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. அதில்தான் என் மொட்டை மாடியில் நாற்பதடி இரும்பு டவர் இருபது வருஷமாக நின்றது.

ஹாம் ரேடியோவுக்கு, அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் வெளியூர்க்காரர்களோடு பேசுவதற்குப் போட்ட டவர். முறையாகப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிப் போட்டதுதான். எந்தக் கம்பெனி செல்போன் டவர் என்று கேட்கிறவர்களுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி ஓய்ந்து, கடைசியில் டிவிக்கு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். இத்தனை இரும்பை நட்டு நீ பேசினது என்ன என்று கேட்டால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. காலை ஆறு மணிக்கு மதுரையிலும் பெங்களூரிலும் இருக்கிற நாலு கிழடுகளிடம், அங்கே வெயிலா, இங்கே மேகமா, முழங்கால் வலி தேவலையா. அவ்வளவுதான். ஆனால் அந்த நாலு குரலைக் கேட்காத நாளில் எனக்குக் காபி இறங்காது.

அதற்காக யானையைக் கட்டித் தீனி போட்ட கதையாகிவிட்டது. வருஷா வருஷம் வைகாசியில் மேலே ஏறி ஒவ்வொரு போல்ட்டையும் தட்டிப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த இடத்தைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டும். முக்கியமாக, டவரை மூன்று பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கிற ஸ்டே கம்பிகளை முறுக்கி இறுக்க வேண்டும். ஒவ்வொரு கம்பியின் அடியிலும் அதற்கென்று ஒரு டர்ன்பக்கிள் உண்டு. ஸ்பேனரை விட்டு ரெண்டு சுற்றுச் சுற்றினால் கம்பி விறைக்கும். மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் டவர் காற்றுக்கு ஆட ஆரம்பித்துவிடும்.

எங்கள் மனை ஒடுக்கம். இரண்டு கம்பிகள் எங்கள் மாடியிலேயே நின்றன. மூன்றாவதுக்கு இடமில்லாமல் பக்கத்து வீட்டு மாடித் தூணில் கட்டியிருந்தேன். அந்த வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்க்கிறார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். கேட்ட உடனேயே, நம்ம வீடு மாதிரி நினைச்சுக் கட்டுங்க அண்ணாச்சி என்று சொன்ன மனிதர். அவர் லீவில் வரும்போதெல்லாம் நானே அந்த மாடிக்குப் போய் முறுக்கி, கிரீஸ் தடவிவிட்டு வருவேன். அவர் ஊரில் இல்லாத வருஷங்களில் போவதில்லை. ஆம்பிளை இல்லாத வீட்டு மாடியில் போய் நான் நிற்பது சரியில்லை. இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாக வைத்துக்கொண்ட மரியாதை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த வருஷங்களில் என் மனைவி ஸ்பேனரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போவாள். அந்த வீட்டம்மா அவளைச் சாப்பிட வைக்காமல் அனுப்ப மாட்டார். திரும்பி வரும்போது கையில் ஒரு தூக்குவாளி இருக்கும். முறுக்கியாச்சா என்று கேட்பேன். ஆச்சு என்பாள். நான் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

போன லீவுக்குப் பிறகு நாலு வருஷமாக அவர் வரவில்லை. இந்த வைகாசியில்தான் வந்தார். மாடிக் கைப்பிடிச் சுவரை உயர்த்திக் கட்டப்போவதாகவும், கொத்தனார் வருவதற்குள் கம்பியைப் பார்த்துக்கொள்ளும்படியும் என்னைக் கூப்பிட்டார். ஸ்பேனரோடு போனேன். டர்ன்பக்கிள் துருவேறி ஒரே கட்டியாக இருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றித் தட்டியும் அசையவில்லை. அதை யாரும் தொட்டு மூன்று வருஷமாவது இருக்கும். கம்பியைக் கையால் பிடித்து ஆட்டினேன். கொடிக்கயிறு மாதிரி ஆடியது.

எங்கள் மாடியிலிருந்து பார்க்கும்போதே கம்பியில் ஒரு தொய்வு தெரிந்ததுதான். கண்ணில் புரை விழுந்திருக்கிறது, அதனால் அப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். இப்போது குனிந்து பார்த்தேன். டவர் ஆடி ஆடி மற்ற கம்பியும் அறுந்து இந்தப் பக்கம் சாய்ந்தால் விழக்கூடிய இடத்தில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதன் கீழே அவருடைய ரெண்டு பிள்ளைகளும் படுக்கிற அறை. மூன்று சாரல் சீசன் அப்படியே போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கத்தி முடிக்கிற வரை தண்ணீரை வடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"ரெண்டாவது வருசமே அது அசையல. சொன்னா என்ன செய்வீக? புதுக் கம்பி மாட்டுதேன்னு உச்சி வரைக்கும் ஏறுவீக. வருசத்துக்கு ஒரு தடவ நீங்க ஏறும்போது கீழ நின்னு நான் படுத பாடு போதாதா? இன்னொரு தடவ என்னால ஆகாது."

இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட அவளிடம் பயமாக இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. அவள் செய்தது தப்புதான். அந்தத் தப்பை அவள் கையில் கொடுத்து அனுப்பியது நான். என் மரியாதையும் மண்ணாங்கட்டியும். அடுத்த வீட்டு வாசலில் நின்று, அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு தடவை கேட்டு ஏறியிருந்தால் கிரீடம் ஒன்றும் இறங்கியிருக்காது.

சாயங்காலம் அவரிடம் போய் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். மனைவி பேரை இழுக்காமல், நான்தான் கவனிக்கவில்லை என்றேன். அவர் சத்தம் போடவில்லை. கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

"பிள்ளைக அங்கனதான் படுக்குது, அண்ணாச்சி."

நான் வாசல் படியிறங்கி வீட்டுக்கு வருவதற்குள் அவர்கள் வீட்டில் கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது. அறையிலிருந்து ஹாலுக்கு.

மறுநாள் காலையில் ரேடியோவைத் தொடவே இல்லை. டவரைப் போட்டுக்கொடுத்த வெல்டரையே வரவழைத்தேன். மூன்றாவது பக்கம் தடித்த நைலான் கயிறுபோட்டுத் தூணில் கட்டிவிட்டு, பத்தடி பத்தடியாகக் கழற்றி இறக்கினோம். உச்சிக்கு நான் ஏறவில்லை, வெல்டரை ஏறச் சொன்னேன். மனைவி அன்றைக்கும் கீழே வந்துதான் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்து எங்களோடு வேலை செய்தார். முடிந்ததும் டீ கொடுத்துவிட்டார். பேச்சு பழைய மாதிரிதான் இருந்தது. ஒரு வாரத்தில் காற்று பிடித்தது. இருக்கிற ஆன்டெனா வயரை மாடிக்குக் குறுக்கே தாழ்வாகக் கட்டி வைத்திருக்கிறேன். மதுரை பாதி கேட்கிறது. பெங்களூர் கேட்கவே இல்லை.

அவர் லீவு முடிந்து துபாய் போய்விட்டார். இப்போது ஆடி. நேற்று என் மனைவி தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்க அங்கே போய்விட்டு வந்தாள். எல்லாரும் நல்லா இருக்காகளா என்று கேட்டேன். இருக்காக என்றாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மீதியைச் சொன்னாள்.

"கட்டில் இன்னும் ஹால்லதான் கெடக்கு. காத்து அடிச்சா பிள்ளைக அந்த ரூமுக்குள்ள போக மாட்டேங்குதுகளாம்."