குவெக் டாக்டர் ஈ அனுப்பிய கதை

குவெக் சுவீ ஹோங் டாக்டரின் ஈக்களுக்கு இருபத்திரண்டு வருஷம் சோறாக்கியவள் நான். சோளமாவு, ஈஸ்ட், கருப்பட்டி போட்டுக் கிண்டிக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றுவேன். சிங்கப்பூரில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பழ ஈயின் மூளை எப்படி வளர்கிறது, எப்போது வளர்ச்சியை நிறுத்துகிறது என்பதுதான் அந்த அம்மாவின் பிழைப்பு, வாழ்க்கை எல்லாம். கல்யாணம் இரண்டு முறை தள்ளிப்போய், அப்புறம் பேச்சே நின்றுவிட்டது.

ஒன்பது வருஷம் தேடி ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார். அது கெட்டால் மூளை செல்கள் நிறுத்தத் தெரியாமல் பெருகிக்கொண்டே போகும். எங்கே விட்டுப்போகுமோ என்று அள்ளி அள்ளிக் குவிப்பவர்களை எங்கள் ஊரில் 'கியாசு' என்போம். "பஃபேல நண்டு அள்ற நம்ம ஆளுங்க மாதிரியேதான் மணி" என்று என்னிடம் சொல்லி அந்தப் பெயரையே வைத்தார். ஆனால் முதலில் அச்சில் போடுகிறவர் வைப்பதுதான் நிலைக்கும்.

ஈக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உலகத்தில் யார் கேட்டாலும் ஈயைக் குழாயில் போட்டு அனுப்பிவிட வேண்டும், இல்லையென்பது கேவலம். அந்த மரபணு கெட்ட ஈயை ஜெர்மனியிலிருந்து யோஹென் கேட்டான். டாக்டர் படித்த காலத்தில் அவருக்குப் பக்கத்து மேசைக்காரன். இங்கே வந்தால் டாக்டரின் அம்மா கையால் சாப்பிடாமல் போகமாட்டான்.

"நம்ம கட்டுரையை இன்னும் எழுதி முடிக்கலையே டாக்டர், கொஞ்சம் பொறுங்களேன்" என்றேன்.

"யோஹென்தானே லா! நீ ரொம்பத்தான் பயப்படற."

அனுப்பியதோடு விட்டாரா? அவன் தேடி அலையக்கூடாதாம். மரபணு எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் குழாயின் மேலேயே எழுதிக்கொடுத்தார்.

எட்டு மாதத்தில் அவன் கட்டுரை வந்துவிட்டது. மரபணுவுக்கு அவன் வைத்த பெயர். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், ஈக்கள் தந்த குவெக்குக்கு நன்றி. டாக்டர் போன் போட்டார். "நீயும் எழுதிட்டிருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றானாம். டாக்டர் அழவில்லை. நான்தான் திட்டித் தீர்த்தேன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவன் விளங்குவானா?

போன மாதம் மணிலாவிலிருந்து ஓர் ஆராய்ச்சிப் பெண் எழுதியிருந்தாள். அவளுக்கும் அதே ஈ வேண்டும். யோஹென் பதிலே போடவில்லையாம்; குவெக் டாக்டரிடம் கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார் என்று எல்லாரும் சொன்னார்களாம்.

"செத்துப்போச்சுன்னு எழுதிடு மணி."

"டாக்டர், நேத்துதானே புதுக் குழாய்க்கு மாத்தினேன்..."

"எழுதிடுன்னேன்."

எழுதினேன். என் முழங்கைக்குப் பக்கத்திலேயே அந்த ஈக்கள் குழாய்க்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கண்டுபிடிப்பைத் திருடியதற்குக்கூட யோஹெனை மன்னித்திருப்பேன். டாக்டரை 'இல்லை' சொல்ல வைத்ததற்கு மாட்டேன்.