ஒலி எட்டாத ஆழம்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவர் மப்ரூக்கா. அறிக்கையில் ‘ஒன்றுமில்லை’ என்று அவர் எழுதவே மாட்டார். ‘தெரியவில்லை’ என்றுதான் எழுதுவார். பதினோரு வருடம் முன்பு ஒரு பெண்ணுக்கு ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கொடுத்தார். மறுநாள் அவள் இறந்துபோனாள். திரையின் அடிப்பகுதி கறுப்பாக இருந்ததைப் பார்த்து அங்கே கோளாறில்லை என்று நினைத்துவிட்டார். ஸ்கேன் கருவி அனுப்பும் ஒலியே அவ்வளவு ஆழம் போகவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

தூனிசியாவின் தெற்கே, எங்கள் ஊரில் பேரீச்சை அறுவடை மும்முரமாக நடந்த ஒரு மதியம், லஸ்ஹரைத் தூக்கி வந்தார்கள். நூற்று முப்பது கிலோ ஆள். லாரி மேல் பெட்டி அடுக்கும்போது சறுக்கி, இடது விலா அடிபட விழுந்திருந்தார்.

“கீழ நின்னு எடுத்துக் குடுய்யான்னா கேட்டாத்தானே, பெரிய சுல்தான்!” என்று அவர் மனைவி ஹனியா திட்டிக்கொண்டே அழுதாள்.

மப்ரூக்கா அவர் விலாவில் கருவியை வைத்தார். புது டாக்டர் ஸியாத் திரையைப் பார்த்தார். மேலே வெள்ளை, கீழே கறுப்பு.

“சுத்தமா இருக்கேக்கா. இருக்கறது ஒரே ஆம்புலன்ஸ். இங்கேயே படுக்க வச்சுப் பாப்போம்.”

“சுத்தமில்ல டாக்டர். சத்தம் அங்க போகவே இல்ல.”

திரையை வெளிச்சமாக்கும் குமிழை டாக்டர் திருப்பினார். திரை முழுக்க உப்பைத் தூவியதுபோல் ஆனது.

“நீங்க கூட்டினது திரும்பி வந்த சத்தத்த. வராததக் கூட்டினா இரைச்சல்தான் வரும்.”

நர்ஸான நான் ரத்த அழுத்தம் பார்த்தேன். தொண்ணூறு. ஐந்து நிமிடத்தில் எண்பது.

மப்ரூக்கா கருவியின் அதிர்வெண்ணைக் குறைத்தார். அதிர்வெண் கூடிய மெல்லிய ஒலி கொழுப்பிலேயே தேய்ந்துவிடும். தடித்த ஒலிதான் ஆழம் போகும். அதுவும் ஒவ்வொரு சென்டிமீட்டரையும் கடந்து திரும்பி வருவதற்குள் பாதி வலுவை இழந்துவிடும். அனுப்பும் சக்தியை இரட்டிப்பாக்கினார். கூடக் கிடைத்தது ஒரே ஒரு சென்டிமீட்டர்.

“வழியக் குறைக்கணும். வலப்பக்கமா திருப்புங்க!”

நாலு பேர் சேர்ந்து திருப்பினோம். முதுகுப் பக்க விலாக்களுக்கு நடுவே கருவியை வைத்து அழுத்தினார். லஸ்ஹர் அலறினார்.

“பொறுத்துக்கண்ணே, இன்னும் கொஞ்சம்.”

மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே ஒரு கறுப்புப் பட்டை தெரிந்தது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். “இதுவும் எட்டாத இடமா இருந்தா?”

“அதுக்குப் பின்னால சிறுநீரகம் தெரியுது பாருங்க. சத்தம் இதத் தாண்டிப் போய்த் திரும்பியிருக்கு. இது ரத்தம்.”

டாக்டர் வெளியே ஓடிப்போய் ஆம்புலன்ஸை அவரே கூப்பிட்டார்.

நாலு மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வயிற்றில் இரண்டு லிட்டர் ரத்தம், மண்ணீரலை எடுத்துவிட்டார்கள், ஆள் பிழைத்துக்கொண்டார்.

வாசலில் ஒரு கர்ப்பிணி காத்திருந்தாள். கூட்டிய சக்தி கருவுக்கு ஆகாது என்று மப்ரூக்கா முதலில் ஒலியைப் பழைய அளவுக்கு இறக்கினார். சரிதானா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டார். அதன் பிறகே அவளை உள்ளே அழைத்தார்.